திரைக் கேள்வி – பதில்: கதை மெலிந்த படத்தை நட்சத்திரம் எவ்வளவு தூரம் சுமக்கும்?

இம்மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி துவக்குச் சத்தத்தோடுதான் வந்திருக்கின்றன. குற்றம், அதிரடி, இரண்டு பெரிய நட்சத்திரங்கள், கைக்குட்டை அளவில் ஒரு கதை. குடும்பப் படக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சவோயில் இரண்டரை மணித்தியாலம் அலுக்காமல் பார்த்த படம். காலி வீதியைக் கடந்து மறுபக்கம் வருவதற்குள் "இதில் என்ன கதை இருந்தது?" என்று ஆகிவிட்டது. உள்ளே இருக்கும்போது அது ஏன் தெரியவில்லை? – சி.வ., வெள்ளவத்தை

தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த நடிகருக்குச் சம்பளம். கதையின் ஓட்டையை நட்சத்திரம் அடைக்கமாட்டார். நீங்கள் அதைக் கவனிக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவார். வீடு போய்ச் சேரும்வரை தள்ளிப்போட்டுவிட்டால் தயாரிப்பாளருக்கு வெற்றி. இடைவேளையிலேயே தெரிந்துவிட்டால் தோல்வி.

எப்படித் தள்ளிப்போடுகிறார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு புதுமுகம் ஆபத்தானவர் என்று நம்மை நம்பவைக்க எழுத்தாளர் இரண்டு, மூன்று காட்சிகள் எழுதவேண்டும். ரஜினிக்கு அது தேவையில்லை. 'பாட்ஷா' வந்தது 1995இல். அதைப் பார்த்தவருக்கு, அமைதியாக இருக்கும் ரஜினி எப்போது வெடிப்பார் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே போதும். பழைய படங்களின் நினைவை ரசிகரே டிக்கட்டோடு கொண்டுவருகிறார். அப்படியே பத்து நிமிடக் கதை மிச்சம்.

அடுத்தது வேகக் குறைப்பு. வழமையாக நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள். 96 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால், 3 நொடி நடை 12 நொடியாகும். கதாநாயகன் காரிலிருந்து இறங்குவது, கதவைத் தள்ளுவது, திரும்பிப் பார்ப்பது என்று இப்படிப் பத்து இடம் வைத்தால், அரை நிமிட அசைவு இரண்டு நிமிடப் படமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் பின்னணி இசை ஓடுகிறது, ஹோல் விசிலடிக்கிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூன்றாவது, எதிர்வினை ஷொட். கதாநாயகன் சும்மா நிற்பார். சுற்றி நிற்பவர்களின் முகத்தைக் காட்டுவார்கள்: வியர்க்கிறது, எச்சில் விழுங்குகிறார்கள். பயத்தை அவர்கள் நடிக்கிறார்கள், பெருமை இவருக்குப் போகிறது. துணை நடிகர்கள் மோசமாக இருந்தால் பெரிய நட்சத்திரமும் சேர்ந்து விழுவது இதனால்தான்.

இப்படித் தள்ளிப்போடுவது பலிக்காமல் போகும் இடம் பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் அரை மணித்தியாலம். 'ஜெயிலர்' படத்தைப் பாருங்கள். காணாமற்போன மகன், ஓய்வுபெற்ற அப்பா, சாப்பாட்டு மேசையில் நடக்கும் அந்த இடைவேளைக் காட்சி. அதுவரை ஒரே நூல். பிறகு கோயில் கிரீடத்தைக் களவெடுக்கும் கிளைக்கதை வருகிறது, ஒரு சினிமாப் படப்பிடிப்புக் கொமடி வருகிறது, நூல் கையை விட்டுப் போகிறது. மகனைப் பற்றிய பதற்றம் எங்கே போனது என்று தேடவேண்டியிருக்கிறது. ரஜினி அதையும் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வேறு விஷயம். எல்லாருக்கும் அந்தத் தோள் இல்லை.

கேள்வி: கதை முக்கியமா, நட்சத்திரம் முக்கியமா? நழுவாமல் பதில் சொல்லவும். – ப.க., தெஹிவளை

நழுவத் தேவையில்லை. ஹொலிவூட்டில் இதற்கு ஒரு பரிசோதனையே தற்செயலாக நடந்து முடிந்திருக்கிறது. மூன்று படங்கள்.

1989இல் மைக்கேல் மான் 'எல்.ஏ. டேக்டவுன்' என்று ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார். திறமையான கொள்ளைக்காரன் ஒருவன், அவனைத் துரத்தும் பொலிஸ் அதிகாரி, இருவரும் ஓரிடத்தில் கோப்பி குடித்துப் பேசுகிறார்கள். 19 நாளில் எடுத்து முடித்தார்கள். பெரிய நடிகர்கள் கிடையாது. 1995இல் அதே இயக்குநர் அதே கதையை விரித்து 'ஹீட்' எடுத்தார். 170 நிமிடம். பொலிஸ்காரராக அல் பசீனோ, கொள்ளைக்காரராக ரொபர்ட் டி நீரோ. 2008இல் அதே இரண்டு நடிகர்களும் வேறு இயக்குநரிடம் 'ரைச்சஸ் கில்' என்ற படத்தில் ஏறத்தாழ முழுநேரமும் சேர்ந்து நடித்தார்கள்.

ஆக, நட்சத்திரம் இல்லாத கதை, கதையும் நட்சத்திரமும், கதை கைவிட்ட நட்சத்திரம். முதலாவதை இன்று 'ஹீட்' பற்றிப் பேசுபவர்கள்தான் ஒரு முன்குறிப்பாக ஞாபகப்படுத்துகிறார்கள். இரண்டாவது முப்பது வருடமாகப் பாடப்புத்தகம். மூன்றாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு முகங்கள் மட்டும்தான் மனதில் நிற்கின்றன.

'ஹீட்' படத்தின் கோப்பிக்கடைக் காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ ஆறு நிமிடம். ஒரு மேசை, இரண்டு கதிரை. இருவருடைய தோளுக்குப் பின்னாலும் ஒவ்வொரு கெமரா, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஒருவரை முதலில் எடுத்துவிட்டு மற்றவரைப் பிறகு எடுக்கும் வழமையான முறையில், பேசுபவரின் முகத்துக்கும் கேட்பவரின் முகத்துக்கும் நடுவே அரை மணித்தியால இடைவெளி விழுந்துவிடும். ஒருவர் கண் சிமிட்டினால் மற்றவர் அதற்குத் தரும் பதில் நிஜமாக இருக்காது. இரண்டு கெமராவும் ஒன்றாக ஓடினால் அந்தச் சிமிட்டலும் பதிலும் ஒரே கணத்தில் பிடிபடும். முன்கூட்டியே ஒத்திகை பார்த்து அதைத் தேய்த்துவிடவும் இல்லை. படத்தில் இருப்பதில் பெரும்பகுதி பதினொராவது டேக்கிலிருந்து, அதாவது பதினொராவது முறை நடித்ததிலிருந்து எடுத்தது. பக்கவாட்டில் இருவரையும் சேர்த்துக் காட்ட மூன்றாவது கெமராவும் இருந்தது; அந்த ஷொட்டைப் படத்தொகுப்பில் சேர்க்கவேயில்லை.

இதெல்லாம் தொழில்நுட்பம். அந்தக் காட்சியைத் தாங்குவது எழுத்து. அதில் இருவரும் ஒரு கணக்கைத் தீர்க்கிறார்கள்: உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நேரம் வந்தால் சுடத் தயங்கமாட்டேன். இரண்டு பக்கமும் அதே ஒப்பந்தம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சூடும் அந்த மேசையை ஞாபகப்படுத்தும். டி நீரோவின் பாத்திரத்துக்கு ஒரு விதி வேறு இருக்கிறது: ஆபத்து தெரிந்தால் 30 நொடியில் விட்டுவிட்டுப் போக முடியாத எதையும் வாழ்க்கையில் வைத்துக்கொள்ளாதே. கடைசியில் காதலி காரில் காத்திருக்க, அவர் பின்வாங்கி நடக்கும்போது ஒரு வசனமும் தேவைப்படவில்லை. முகம் போதும். அந்த முகத்துக்கு வேலை கொடுத்தது முன்கூட்டியே போட்ட அந்த விதி.

இனி 2008இன் 'ரைச்சஸ் கில்'. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், முடிவைச் சொல்லப்போகிறோம். படத்தின் முழுத் தந்திரமும், கொலைகாரன் டி நீரோ என்று நம்பவைத்துவிட்டுக் கடைசியில் பசீனோ என்று திருப்புவது. இதில் என்ன பிழைக்கிறது? ஒளிக்கவேண்டிய உண்மையைக் கண்ணில் வைத்திருக்கும் நடிகரை நெருங்கிப் பார்க்க இயக்குநர் விடமுடியாது. விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே இரண்டு பேரிலும் உலகத்துக்கே பிடித்தமான அந்தக் கண்களைப் படம் தானே மூடிவைக்கிறது. பகிடியும் அதட்டலும்தான் மிச்சம். 'ஹீட்' படத்தில் ஆறு நிமிடம் மட்டுமே சேர்ந்து உட்கார்ந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனதை, இங்கே படம் முழுக்கச் சேர்ந்திருந்தும் எடுக்க முடியவில்லை.

நட்சத்திரம் ஒரு காட்சியைச் சுமப்பார். முடிவைச் சுமக்கமாட்டார். முடிவுக்குக் கதைதான் வேண்டும்.

கேள்வி: 'பில்லா' கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். அதுவும் மெலிந்த கதைதானே? – எம்.ஆர்., கொட்டாஞ்சேனை

இல்லை, அது எளிய கதை. மெலிந்ததும் எளியதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தில்தான் பாதி விமர்சனங்கள் பிழைக்கின்றன.

கடத்தல் தலைவன் செத்துப்போகிறான். அவனைப் போலவே இருக்கும் அப்பாவியைப் பொலிஸ் அதிகாரி ஒருவர் இரகசியமாக அந்தக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அந்த அதிகாரி. அவரும் இறந்துபோகிறார். இனி இவன் யாரென்று நிரூபிக்க ஆளில்லை. கூட்டமும் துரத்தும், பொலிஸும் துரத்தும். இதைக் கதாசிரியர்கள் சலீம் – ஜாவேத் 1978இல் அமிதாப்புக்காக 'டொன்' என்று எழுதினார்கள். அடுத்த வருடம் தெலுங்கில் என்.டி.ஆர்., 1980இல் தமிழில் ரஜினி, 2006இல் ஹிந்தியில் ஷாருக், 2007இல் அஜித், 2009இல் தெலுங்கில் பிரபாஸ். ஆறு நட்சத்திரங்கள் மாறி மாறி ஏறியும் அந்த வண்டி அச்சு முறியவில்லை. காரணம், "தெரிந்த ஒரே ஆள் செத்துவிட்டான்" என்ற ஒரு ஆணி. அதைப் பிடுங்கினால் மிஞ்சுவது கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும்தான். 2006இல் அந்த அதிகாரியையே வில்லனாக்கி முடிவைப் புரட்டினார்கள். ஆணியின் இடம் தெரிந்தவர்கள்தான் அப்படிப் புரட்டலாம்.

2019இல் வந்த 'கைதி'யும் இந்த வகை. ஓர் இரவு, ஒரு லொறி, மயங்கிக் கிடக்கும் பொலிஸ்காரர்கள், பார்த்தேயிராத மகளைப் பார்க்கத் துடிக்கும் ஒருவன். பாட்டும் இல்லை, கதாநாயகியும் இல்லை. கடதாசியில் எழுதினால் அரைப் பக்கம் வராது. ஆனால் ஒவ்வொரு தடையும் அவனை மகளிடமிருந்து தள்ளிப்போடுகிறது.

ஹோலிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை: இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் வெளியே போய் ஒரு பற்றிஸ் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வந்தபின் பக்கத்து ஆளிடம் எதையும் கேட்காமலே எல்லாம் விளங்கினால் கதை மெலிந்தது. கேட்கவேண்டி வந்தால், அது எவ்வளவு எளியதாக இருந்தாலும் கதை இருக்கிறது.

கேள்வி: "லொஜிக் பார்க்காதே" என்கிறார்களே? – ஜெ., வத்தளை

உலக நியாயத்தைப் பார்க்கத் தேவையில்லை. படம் தானே போட்ட நியாயத்தைப் பார்க்கலாம். ஒருவன் இருபது பேரை அடிப்பான் என்று முதல் காட்சியில் சொல்லிவிட்டால் சரி, அடிக்கட்டும். ஆனால் கடைசிச் சண்டையில் அதே ஆள் இரண்டு பேரிடம் கட்டுண்டு நிற்கக்கூடாது.

கேள்வி: சண்டைக் காட்சிகளில் துவக்கு விஷயம் சரியா, பிழையா என்று கண்டுபிடிப்பது எப்படி? – உயர்தர மாணவர், மருதானை

எண்ணத் தெரிந்தால் போதும். ஏ.கே. வகைத் துவக்கின் சாதாரண ரவைக்கூட்டில் 30 ரவை. தொடர்ந்து சுட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 என்ற வேகம், அதாவது நொடிக்கு 10. விசையை அழுத்திப் பிடித்தால் மூன்று நொடியில் காலி. கதாநாயகன் ஒரு பல்லவி முடியும்வரை சுட்டுக்கொண்டிருந்தால் அது பாட்டு, சண்டையல்ல. குளொக் 17 கைத்துப்பாக்கியில் வழமையாக 17, பழைய பாணி ரிவோல்வரில் பெரும்பாலும் 6.

சைலன்சரைப் பூட்டினால் "புஸ்" என்று மட்டும் கேட்பதும் கற்பனை. 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதை 130 அளவுக்கு இறக்கும். அடுத்த அறையில் தூங்குபவர் அதற்கும் எழும்புவார். ரிவோல்வரில் சைலன்சர் பூட்டிய வில்லனைக் கண்டால் தாராளமாகச் சிரிக்கலாம்: உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியால் வாயுவும் சத்தமும் வெளியேறிவிடும். காரின் கதவு துவக்கு ரவையைத் தடுக்காது. என்ஜின் பகுதி ஓரளவு தடுக்கும். பெற்றோல் தாங்கி ஒரு சூட்டில் வெடித்துப் பறக்காது.

சத்தத்துக்கு 'ஹீட்' படத்தின் வங்கிக் கொள்ளைக்குப் பின்னான வீதிச் சண்டையைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டூடியோவில் சேர்க்கும் பளபளப்பான சத்தத்தை விட்டுவிட்டு, லொஸ் ஏஞ்சல்ஸ் வீதியில் வெற்று ரவைகளைச் சுட்டபோது பதிவானதையே பயன்படுத்தினார்கள். கட்டடங்களுக்கு நடுவே மோதித் திரும்பும் எதிரொலிதான் வயிற்றைப் பிடிக்கிறது. ரவைக்கூட்டை மாற்றுவதையும் மறைக்கவில்லை. முன்னாள் பிரித்தானியச் சிறப்புப் படை வீரர் ஒருவர் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்.

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டு நல்ல நடிகர்கள் இருக்கிறார்கள். கதைதான் பெரிதாக இல்லை. கொழும்பிலேயே ஒரு குற்றக் குறும்படம் எடுக்க நினைக்கிறோம், இரண்டு போன், ஒரு ஃபிளட். என்னென்ன பிழைக்கும்? – ந.தி. குழு, பம்பலப்பிட்டி

நீங்கள் கேட்ட விதமே நல்லது. பிழைக்கக்கூடியதை வரிசையாகச் சொல்கிறோம்.

எழுத்து: வசனத்தோடு எழுதிய ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். 12 பக்கத்தைத் தாண்டாதீர்கள். முதல் இரண்டு பக்கத்துக்குள் இருவரில் ஒருவருக்கு ஒரு விதி கொடுங்கள். "கடனுக்கு வேலை செய்யமாட்டேன்" போன்ற சின்ன விதி போதும். பத்தாவது பக்கத்தில் அதை அவரே மீறவேண்டி வரட்டும். கொலைகாரன் யார் என்ற மர்மத்தைத் தொடாதீர்கள். மேலே சொன்ன காரணம்தான்: நல்ல நடிகர்களை வைத்துக்கொண்டு அவர்களின் கண்ணை மறைப்பது வீண். யார் குற்றவாளி என்பது பார்ப்பவருக்கு முதலே தெரியட்டும். மற்றவருக்கு எப்போது தெரியவரும் என்பதில் பதற்றம் வைக்கலாம்.

கெமரா: இரண்டு போனையும் இரண்டு தோளுக்குப் பின்னால் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், பிறகு பொருத்துவதற்கு அது உதவும். முடிந்தால் ஒரே மொடல் போன், இல்லாவிட்டால் தோலின் நிறம் இரண்டு விதமாக வரும். ஒளி அளவையும் நிற அளவையும் பூட்டிவிடுங்கள். தானாக மாற விட்டால் நடிகர் முன்னே சாயும்போது சுவர் வெளுக்கும்.

நிறையப் பேர் விழும் குழி இது: நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் பெரும்பாலும் 30 பிரேமிலும் 1/60 நொடி ஷட்டரிலும் (ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம்) நிற்கும். டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி.யும் அதில் துடிக்கும், அல்லது திரையில் பட்டை பட்டையாக ஓடும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று வையுங்கள். 120 பிரேம் மெதுநடையை வீட்டு விளக்கின் கீழ் எடுக்கவே வேண்டாம். பின்னேரம் நாலரை மணி வெயிலில் மொட்டை மாடியில் எடுங்கள். ஆறு மணியைத் தாண்டினால் வெளிச்சம் கையை விட்டுப் போய்விடும்.

ஒலி: கொழும்பில் படத்தைக் கெடுப்பது ஒலிதான். கடற்கரைப் பக்க ஃபிளட் என்றால் ரயில், அலை, காகம். காலி வீதிப் பக்கம் என்றால் ஹோர்ன். சித்திரை மாதத்தில் குயில் வேறு தொடங்கிவிடும், அது டேக் முடியும்வரை பொறுக்காது. உட்பக்கத்து அறையைத் தெரிவுசெய்து, ஜன்னலில் தடித்த போர்வை தொங்கவிடுங்கள். ஃபானை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் வீட்டுச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகமுடியாது, ஆகவே திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். சட்டைக்குள் குத்தும் மைக் வியர்வையில் நழுவும். மருந்துக் கடையில் விற்கும் ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு டேக்குக்கு ஒருமுறை பாருங்கள். எல்லாரும் வாயை மூடி நிற்க, அறையின் சும்மாச் சத்தத்தை 60 நொடி பதிந்துவையுங்கள். படத்தொகுப்பில் வெட்டிய இடங்களை மூட அதைவிட நல்ல மருந்து கிடையாது.

துவக்கு: நிஜ ஆயுதம், வெற்று ரவை, வெடிமருந்து எதையும் கிட்ட எடுக்கவேண்டாம். ரவைத்தலை இல்லாத வெற்று ரவையும் கிட்டத்தில் காயப்படுத்தும். 2021இல் அமெரிக்காவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தது, ஒத்திகையில் கைத்துப்பாக்கிக்குள் நிஜ ரவை இருந்ததால்தான். தெளிவான பொம்மை போதும். அதையும் ஃபிளட்டின் கதவுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். வீதியில் எடுக்கவேண்டி வந்தால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. ரயில் நிலையம் என்றால் புகையிரதத் திணைக்களம்.

குழல்வாய்த் தீப்பொறியைக் கணினியில் சேர்க்கும்போது ஒரு பிரேம் மட்டும் வையுங்கள், மிஞ்சினால் இரண்டு. ஐந்து பிரேம் வைத்தால் பட்டாசு. அதைவிட முக்கியம் முகத்தில் விழும் வெளிச்சம்: அதே கணத்தில் கெமராவுக்கு வெளியிலிருந்து ஒருவர் சின்ன எல்.ஈ.டி.யைச் சிமிட்டவேண்டும். நடிகரின் மணிக்கட்டு மேலே உதறவேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஆயிரம் டொலர் மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. கடையில் வாங்கிய தீப்பொறி மிதந்துகொண்டு நிற்கும்.

இரத்தம்: சீனி ஒரு கப், தண்ணீர் அரைக் கப். பாகு விரலில் ஒட்டும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். சிவப்பு உணவு நிறம் இரண்டு தேக்கரண்டி, கொக்கோத் தூள் ஒரு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்த கோன் ஃபிளவர் ஒரு தேக்கரண்டி. கொக்கோ இல்லாவிட்டால் போனில் இளஞ்சிவப்பாக, சர்பத் போலத் தெரியும். கூடிப்போனால் குழம்பு. சட்டையில் ஊற்றுவதற்கானதில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் சில துளி விட்டால் கறை ஓரளவு போகும். வாயில் வைப்பதற்கான கிண்ணத்தை வேறாக வையுங்கள். ஒரே மாதிரிச் சட்டை மூன்று வாங்குங்கள். கலவையைத் தரையில் வைக்காதீர்கள், எறும்பு உங்களுக்கு முன்னே காட்சியில் நுழைந்துவிடும். "பிணமாக" பத்து நிமிடம் படுப்பவருக்கு இது மிக முக்கியமான தகவல்.

கேள்வி: கௌரவ வேடம் என்று ஐந்து நிமிடம் வந்து போகிறார்களே, அது படத்துக்கு நல்லதா? – ர.சு., மட்டக்குளி

வந்தவர் கதாநாயகனின் சிக்கலைக் கூட்டினால் நல்லது. குறைத்தால் கெட்டது. 2022இன் 'விக்ரம்' படத்தில் சூர்யா கடைசிச் சில நிமிடங்களில் ரோலக்ஸ் என்ற வில்லனாக வருகிறார். வந்து, இனித்தான் பெரிய ஆபத்து என்று ஆக்கிவிட்டுப் போகிறார். ஹோலை விட்டு வெளியே வரும்போதும் கதை தொடர்கிறது. 'ஜெயிலர்' படத்தில் மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வருவது உதவிக்கு. அவர்கள் வந்தபோது ஹோல் அதிர்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கதாநாயகனுக்கு இத்தனை பலசாலி நண்பர்கள் என்று தெரிந்த நொடியில் வில்லன் பாதியாகிவிட்டான்.

'விக்ரம்' படத்தில் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. முதற்பாதியில் கமலின் பாத்திரம் இறந்துவிட்டதாகவே காட்டி, பஹத் பாசிலைப் புலனாய்வு செய்ய விடுகிறார்கள். யாரைப் பார்க்கவேண்டுமோ அவரைப் பற்றிப் பிறர் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். நட்சத்திரத்தைக் காட்டாமல் சேமித்து, இடைவேளையில் மொத்தமாக எடுத்துச் செலவழித்தார் இயக்குநர் லோகேஷ் கனகராஜ். சிக்கனமான செலவு.

கேள்வி: ஒன்பது வயது மகனை இந்த மாதிரிப் படங்களுக்குக் கூட்டிப்போகலாமா? – ஒரு தாய், கிராண்ட்பாஸ்

யூடியூப் முன்னோட்டத்தில் தெரிவது இந்தியச் சான்றிதழ். அங்கே 2024 கடைசியிலிருந்து யூஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே நமது தணிக்கைச் சபை தனியாகப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கிறது, ஆகவே ஹோல் வாசலில் ஒட்டிய சுவரொட்டியைப் பாருங்கள். "வயது வந்தோருக்கு மட்டும்" என்றிருந்தால் டிக்கட் வாங்கிய பிறகு வாசலில் மல்லுக்கட்டாதீர்கள். சான்றிதழ் எப்படியிருந்தாலும், தலை வெட்டும் காட்சி இல்லாத குற்றப் படம் இப்போது தமிழில் குறைவு. ஒன்பது வயதுக்கு வேண்டாம்.

கேள்வி: ஆங்கில அதிரடிப் படம் இடைவேளையில் கண்டபடி அறுபடுகிறது. எங்கே உட்கார்ந்தால் ஒலி நன்றாக இருக்கும்? – க.பி., கொள்ளுப்பிட்டி

ஹொலிவூட் படத்துக்கு இடைவேளை எழுதப்படுவதில்லை. இங்கே ஓடவிடுபவர் ஏறத்தாழ நடுவில் நிறுத்துகிறார், அது துரத்தலின் நடுவாகவும் இருக்கலாம். தமிழ்ப் படத்தில் எழுத்தாளரே அந்த இடத்துக்கு ஒரு வெடி வைத்திருப்பார். ஆங்கிலப் படத்தின் இறுக்கம் இங்கே தளர்வதாகத் தோன்றினால், குற்றத்தில் ஒரு பங்கு அந்தப் பத்து நிமிடத்துக்கும் உண்டு.

இருக்கைக்கு: திரையிலிருந்து பின்சுவர் வரையான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நடு வரிசை. சுவரோரம் இருந்தால் பக்கத்து ஒலிபெருக்கி ஒன்று மட்டும் காதில் இடிக்கும். சூட்டுச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே விளங்காது.

கேள்வி: முதல் நாள் முதற்காட்சியா, ஆறுதலாகத் திங்கட்கிழமையா? – சி.வ.வின் தம்பி, வெள்ளவத்தை

நட்சத்திரத்துக்காகப் போகிறீர்கள் என்றால் முதல் நாள். வசனத்தில் பாதி விசிலில் போய்விடும், மெலிந்த கதைக்கு அது உபகாரம். கதை இருக்கிறதாம் என்று யாராவது சொன்னால் திங்கட்கிழமை, பின்னேரக் காட்சி.